கோவிந்தப்பா மெஸ்ஸில் ஒரு டம்ளர் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு அர்ஜுனன் என்று பேர் வைத்தது என் மாமனார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார், இல்லாவிட்டால் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். வில்லும் அம்பும் கிடக்கட்டும், ஹோட்டலில் போய் இரண்டு இட்லி கேட்பதற்குக்கூட இந்த மனிதருக்கு வாய் வராது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையில் ஒரு தர்ஷினி ஹோட்டல் இருக்கிறது. உட்கார நாற்காலி கிடையாது. கல்லாவில் முதலில் காசைக் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், சீட்டைச் சமையற்கட்டு ஜன்னலில் நீட்டித் தட்டை வாங்க வேண்டும், நெஞ்சு உயர மேஜையில் வைத்து நின்றபடியே சாப்பிட வேண்டும். தண்ணீரையும் நாமே டிரம்மில் பிடித்துக்கொள்ள வேண்டும். குறைந்த காசில் வயிறு நிறையும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவரும் எங்கள் மகள் தர்ஷினியும் அங்கே போவோம். பெண்ணுக்கு ஹோட்டல் பேரையா வைத்தீர்கள் என்று என் அண்ணன் நாகேஷ் இன்னும் கிண்டல் செய்கிறான்.

கல்லாவுக்குப் போவது நான். கன்னடத்தில் சொல்லிச் சீட்டு வாங்குவது நான். சட்னி போதாவிட்டால் போய்க் கேட்பதும் நான்தான். இவர் தேமே என்று நிற்பார். நின்றாலாவது பரவாயில்லை. தண்ணீர் டிரம்மிடம் போய் ஒரே தடவையில் ஐந்தாறு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து, எங்களுக்கு மட்டுமல்ல, மேஜையைச் சுற்றி நிற்கிற முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எல்லாம் ஒவ்வொன்றாக வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், டம்ளரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். நான் பல்லைக் காட்டி, தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லுவேன். ஒரு தடவை ஒரு பெரிய மனுஷர் இவரை ஹோட்டல் ஆள் என்று நினைத்து மேஜையைத் துடைக்கச் சொல்ல, இவர் துடைத்தும் விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசிய பேச்சை நாய்கூடக் கேட்டிருக்காது.

நான் மர்பி டவுனில் பிறந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் தக்கனி உருது என்று மூன்றையும் ஒரே நாக்கில் வைத்துக்கொண்டு வளர்ந்தவள். பேசப் பயப்படுகிற ஆள் என்றால் எனக்குப் புரியாது. கஞ்சத்தனமாக இருக்கும் என்று கொஞ்ச நாள் நினைத்தேன், திமிராக இருக்கும் என்று கொஞ்ச நாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று.

இரண்டாயிரத்து மூன்றில், மழைக்காலத்தில், எனக்கு விஷக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. நாலாம் நாள் காலையில் இட்லி சாப்பிட்டால் தேவலை போலிருந்தது. இவரை அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றார். கூட்டமாக இருந்தது என்றார். அந்த ஹோட்டலில் என்றைக்குக் கூட்டம் இல்லை? கிடுக்கிப்பிடி போட்டுக் கேட்டதும் உண்மை வந்தது. கல்லா வரைக்கும் மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று தடவையும் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறார்.

சமையற்கட்டில் வெந்நீர் வைத்து, ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அரிசி அளக்கிற டம்ளர் அது. ஒரு பக்கம் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கலாக இருக்கும். வாங்கும்போதே பழசு போலிருக்கிறது என்று நினைத்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே கத்தினேன்.

"ரெண்டு இட்லி பார்சல்னு சொல்றதுக்கு என்னங்க? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? பொண்டாட்டி செத்தாக்கூட பக்கத்து வீட்டுக்காரங்கதான் வந்து சொல்லணுமா?"

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இது ஏன் ஒரு பக்கம் தேஞ்சிருக்குன்னு நீ கேட்டதே இல்ல உஷா" என்றார். அன்றைக்குச் சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன். அவர் பாதி பாதியாகச் சொன்னார், மீதியை நான் தோண்டித் துருவிக் கேட்டு எடுத்தேன்.

அவர் இந்த ஊருக்கு வந்தது தொண்ணூற்றொன்று நவம்பரில். நீடாமங்கலத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, பீண்யாவில் பம்பு செட் செய்கிற ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். வயது இருபது. அதற்கு முன்னால் அவர் பார்த்த பெரிய ஊர் தஞ்சாவூர். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ரூம் கிடைத்தது. அடுப்பு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்தது. மூன்று வேளையும் வெளியேதான் சாப்பிட வேண்டும், கம்பெனி கொடுக்கிற உதவித்தொகைக்குள் சாப்பிட வேண்டும்.

முதல் நாள் ஒரு தர்ஷினிக்குத்தான் போயிருக்கிறார். அவர் ஊரில் ஹோட்டல் என்றால் போய் உட்கார வேண்டும், இலை வரும், என்ன வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்பார், கை கழுவிய பிறகு வாசலில் காசு கொடுக்க வேண்டும். இங்கே காலி மேஜை ஒன்றின் முன்னால் போய் நின்றுகொண்டு, யாராவது வந்து கேட்பார்கள் என்று இருபது நிமிஷம் காத்திருந்திருக்கிறார். யாரும் வரவில்லை. சுற்றிலும் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை, தான் உள்ளே வந்ததே தப்போ என்று பயந்து, நைசாக நழுவி வெளியே வந்துவிட்டார். அடுத்த நாள் நாற்காலி போட்ட ஹோட்டலாகப் பார்த்துப் போனார். விலைப்பலகை கன்னடத்தில். எது என்ன விலை என்று தெரியாது. பில் வந்து பையில் இருப்பதைத் தாண்டினால் மாவாட்ட விட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஒரு காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் கம்பெனிக்குப் பின்தெருவில் கோவிந்தப்பா மெஸ்ஸைக் கண்டுபிடித்தார். தகரக் கொட்டகை, முன்னால் ஒரு ஷட்டர், நீளமாக ஒரு மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு. கோவிந்தப்பா மண்டியாக்காரர். சமையல் அவர் மனைவி காந்தா. மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டால் போதும், விலைப்பலகை தேவையில்லை, வாய் தேவையில்லை, போய் உட்கார்ந்தால் தட்டில் விழும். கழுவ ஆளில்லை என்பதால் தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று காந்தாம்மா சைகையிலேயே சொல்லிவிட்டார்கள். இவர் அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரே ஒரு கஷ்டம், அங்கே தினமும் முத்தே. நம் கேழ்வரகுக் களிதான், உருண்டை பிடித்துத் தட்டில் வைப்பார்கள். அதைக் கொஞ்சமாக விள்ளி, கீரைச் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும், ஒரு வாய் தின்பதற்குள் தாடை வலி கண்டுவிடும். இந்த ஊர்க்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜனங்களுக்கும் பழக்கம்தான். நெல்லுச் சோறு தவிர வேறு தெரியாத தஞ்சாவூர் ஜில்லாக்காரருக்கு விழுங்க எங்கே வரும்? இவர் நாசூக்காக மென்றுகொண்டே இருப்பாராம். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களாம். பாதி உருண்டையோடு விட்டுவிட்டு, கூட வைக்கிற சோற்றைக் கொண்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு வருவார்.

இப்படி மூன்று வாரம் போயிருக்கும். டிசம்பரில் காவேரித் தண்ணீர்த் தகராறு முற்றி ஊர் கலவரமானது.

அந்த நாட்களை நானும் மறக்கவில்லை. மர்பி டவுனில் நாங்களும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கிடந்தோம். ஆனால் நாங்கள் ஒரு தெருவே இருந்தோம், எல்லோருக்கும் கன்னடம் வாயில் இருந்தது. இவர் தனி. ரூம் சொந்தக்காரர் வந்து, வெளியே போகாதே, போனாலும் வாயைத் திறக்காதே என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஓசூர் பக்கம் பஸ் எதுவும் போகவில்லை.

அன்றைக்கு முழுக்க இவர் ரூமுக்குள் உட்கார்ந்து தன்னிடமிருந்த தமிழையெல்லாம் தேடித் தேடி அழித்திருக்கிறார். அம்மா எழுதிய கடிதங்களைக் கிழித்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிப் பாயின் அடியில் வைத்தார். சட்டைக் காலருக்குள் டெய்லர் கடை லேபிள் தமிழில் இருந்தது. பிளேடை எடுத்து மூன்று சட்டையிலும் அறுத்தார். நெற்றியில் விபூதி வைப்பதை விட்டார். நமக்கு எழுத்து எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

இதில் எனக்கு ஆத்திரம் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். காவேரிக்கரையில் பிறந்தவர் என்றுதான் பேர், இவர் குடும்பத்துக்கு அங்கே ஒரு குழி நிலம் கிடையாது. மாமனார் நெல் அரவை மில்லில் மூட்டை தூக்கியவர். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் குளிப்பார்கள், வராவிட்டால் கைப்பம்பு. அந்த ஆற்றுக்காக இவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பீண்யாவில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் ஒரு பன் பாக்கெட்டையும் குழாய்த் தண்ணீரையும் வைத்துத் தள்ளினார். மூன்றாம் நாள் எழுந்து நின்றால் கண் இருட்டியது. மதியம் இரண்டு மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்துகிறார்கள் என்று பக்கத்து ரூம் ரேடியோவிலிருந்து தெரிந்தது. தட்டையும் டம்ளரையும் ஒரு மஞ்சள் பையில் போட்டார். போட்டவர் மறுபடி எடுத்து, பையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு கல்யாணத் தாம்பூலப் பை அது, மணமக்கள் பேர் அச்சடித்திருந்தது. பையை விட்டுவிட்டுத் தட்டையும் டம்ளரையும் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

மெஸ்ஸுக்கு நாலு தெரு. அந்த நாலு தெருவைப் போல நீளமான பாதையை அதற்கப்புறம் தான் நடந்ததே இல்லை என்றார். முதல் தெருமுனையில் ஒரு லாரி எரிந்து கரியாக நின்றது. டயர் நாற்றம். ஒரு கடைப் பலகையில் தமிழ் இருந்த இடத்தில் மட்டும் தார் பூசியிருந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு ஆளும் தன் முகத்தையே பார்ப்பது போலிருந்தது. தன் மீசையைப் பார்த்தால் தெரிந்துவிடுமோ, நடையைப் பார்த்தால் தெரிந்துவிடுமோ, மூச்சு விடுவதில்கூடத் தெரிந்துவிடுமோ என்று பயந்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார், ஆனால் வயிறு விடவில்லை.

இரண்டாம் தெருவில் பின்னால் ஒரு சைக்கிள் வந்தது. இவருக்குப் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. கால் ஊன்றி நின்றது. சைக்கிள்காரர் ஏதோ கேட்டார். இவருக்குக் காதில் ரத்தம் இரைகிற சத்தம்தான் கேட்டதே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஆள் மறுபடி கேட்டார், தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். மணி கேட்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. இவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுவது போல இருமி, கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு அந்த ஆள் இவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இவர் அங்கேயே ஒரு வீட்டுப் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

மெஸ்ஸில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்து உள்ளே போனார். ஏழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், வேறு ஷிப்டு ஆட்கள், இவர் பார்த்திராத முகங்கள். எல்லா நாளும் சந்தை போல இரைச்சலாக இருக்கிற இடம். அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. தட்டில் கை படுகிற சத்தம்தான். இவர் உள்ளே வந்ததும் ஏழு பேரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இவர் நினைத்தார். வெளியே போனால் இன்னும் சந்தேகம் வரும் என்று பயந்து, கடைசியில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒருவர். நாற்பது வயதிருக்கும். தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோவிந்தப்பா வந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். காந்தாம்மா ஒரு உருண்டை முத்தே வைத்துச் சாறு ஊற்றினார்கள். அன்றைக்குச் சோறு இல்லை, கடை எல்லாம் மூடியதால் அரிசி கிடைக்கவில்லை. இரண்டு நாள் பசியில் இவர் ஒரு பெரிய துண்டாக விள்ளி வாயில் போட்டு, பழக்கதோஷத்தில் மெல்ல ஆரம்பித்தார். மென்றால் காட்டிக் கொடுத்துவிடும் என்று உடனே உறைத்தது. வாயை அசைக்காமல், நாக்கால் தள்ளித் தள்ளி எப்படியோ உள்ளே இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டாவது வாய் எடுக்கும்போது ஷட்டரைத் தட்டினார்கள்.

நாலைந்து பேர். குனிந்து உள்ளே வந்து வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் கையில் சைக்கிள் செயின், மற்றவர்கள் கையில் கட்டை. கோவிந்தப்பாவிடம் கன்னடத்தில் கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று புரிய இவருக்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கோவிந்தப்பா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எல்லா நம்மோரே" என்றார். எல்லோரும் நம்ம ஆட்கள்தான் என்று அர்த்தம். அப்புறம் மேஜையைக் காட்டி, முத்தே சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் தெரியவில்லையா, வேண்டுமானால் நின்று பாருங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர்களும் நின்று பார்த்தார்கள்.

எட்டுப் பேரும் சாப்பிட வேண்டும். விள்ள வேண்டும், தோய்க்க வேண்டும், விழுங்க வேண்டும். செயின் வைத்திருந்தவர் மேஜையை ஒட்டி மெதுவாக நடந்து வந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது வாயை இறக்கினார். நெஞ்சுக்குள் கல் இறங்குவது போல இறங்கியது. தண்ணீர் குடிக்கலாம் என்று டம்ளரைப் பிடித்தார். பிடித்த இடத்தில் விரலுக்குக் கீழே சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

நம் ஜனங்களுக்குப் பாத்திரம் வாங்கினால் மட்டும் போதாது, அதில் பேர் வெட்டியாக வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே. 'ந. பாமா, நீடாமங்கலம்' என்று என் மாமியார் பேர் அந்த டம்ளரின் பாதி வட்டத்துக்குப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. கடிதத்தைக் கிழித்தவர், லேபிளை அறுத்தவர், பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தவர், பிறந்ததிலிருந்து குடித்த டம்ளரைப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற எழுத்து கண்ணில் படுவதே இல்லை.

உள்ளங்கையை விரித்து எழுத்தின் மேல் மூடிக்கொண்டார். தூக்கிக் குடிக்கக்கூட முடியவில்லை, தூக்கினால் விரல் நடுவே ஒரு எழுத்து தெரிந்துவிடும். செயின்காரரின் செருப்புச் சத்தம் மூன்று ஆள் தள்ளி வந்து நின்றது. அம்மா பேரே தன்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தாராம். அவர் அதைச் சொன்னபோது நான் டம்ளரைக் கட்டிலில் வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த காக்கிச் சட்டைக்காரருக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. பெரிய துண்டாக விழுங்கியிருக்கிறார். இருமலும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. முகம் கறுத்தது. கையால் மேஜையைத் துழாவினார். அவர் டம்ளர் காலியாக இருந்தது. இவர் டம்ளர் நிறைய இருந்தது. ஒரு சாண் தூரம்தான். அவர் டம்ளரைப் பார்த்தார், அப்புறம் இவர் கண்ணைப் பார்த்தார்.

இவர் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். அந்த மனிதர் நகம் மேஜையில் கீறுகிற அளவு நேரம் என்றார்.

காந்தாம்மாதான் ஓடி வந்தார்கள். சொம்புத் தண்ணீரோடு வந்து, அந்த ஆள் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தி, கன்னடத்தில் திட்டோ திட்டு என்று திட்டினார்கள். மாமா, இந்த வயதிலும் அவசரமா, மெதுவாகத் தின்னத் தெரியாதா என்று உறவு முறை வைத்துத் திட்டினார்கள். துண்டு வெளியே வந்து விழுந்தது. செயின்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார். வந்தவர்கள் வெளியே போனார்கள். கோவிந்தப்பா ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, அதன் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தம்பி அந்த ஆற்றுத் தண்ணீரில் மண்டியாவில் கரும்பு போடுகிறவர் என்று இவருக்குப் பின்னால் தெரிந்தது. தண்ணீர் நிஜமாகவே வேண்டியிருந்தது அந்த வீட்டுக்குத்தான்.

அப்போது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இன்னொருவர், "அழுவாதய்யா" என்றார். தமிழில். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எட்டுப் பேரில் ஆறு பேர் தமிழ் ஆட்கள். அன்றைக்கு அந்த மேஜையில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கன்னடக்காரர் என்று நினைத்து, பயந்து, வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறார்கள். கோவிந்தப்பாவுக்கும் காந்தாம்மாவுக்கும் எல்லாம் முதல் நாளே தெரியும். இத்தனை பேர் மெல்லுவதைப் பார்த்துமா தெரியாது என்றார்களாம்.

காக்கிச் சட்டைக்காரர் மூச்சு சமனாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு கையை நீட்டி, இவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டம்ளரை எடுத்தார். திருப்பி எழுத்தைப் படித்தார்.

"நீடாமங்கலமா? நான் வலங்கைமான்."

இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிளிலேயே போய்விடுகிற தூரம். தண்ணீரைக் குடித்தார். டம்ளரை இவர் முன்னால் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றார் இவர்.

"தண்ணிய நவத்தியிருக்கலாம் தம்பி. எழுத்து மேல வச்ச கைய எடுக்காமயே நவத்தியிருக்கலாம்."

மறுநாள் மதியம் இவர் அவருக்காகவே மெஸ்ஸுக்குப் போனார். அந்த ஆள் வரவில்லை. ஓசூருக்கு நடந்தே போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். போய்ச் சேர்ந்தாரா, பேர் என்ன, ஒன்றும் தெரியாது. கம்பெனி திறந்த முதல் நாள், ஃபிட்டர் படித்த கையால், ஒர்க்‌ஷாப் அரத்தை எடுத்து அம்மாவின் பேரைத் தேய்த்து எடுத்தார். பயத்தில் தேய்க்கவில்லை உஷா, பார்க்க முடியாமல் தேய்த்தேன் என்றார். அப்புறம் என் அண்ணன் பழக்கமாகி, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, போகும்போது என்னையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது வேறு கதை. கன்னடம் நன்றாகவே கற்றுக்கொண்டார். கம்பெனியில் பேசுகிறார், பஸ்ஸில் பேசுகிறார். சாப்பாட்டுக் கடைக்குள் போனால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

எனக்கும் ஒரு தடவை வாய் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஆறிப் போயிருந்தது, அப்படியே குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தர்ஷினிக்குப் போனோம். நான் கல்லாவில் சீட்டு வாங்கித் தட்டோடு வந்தேன். இவர் வழக்கம்போல ஆறு டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்து, எனக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று வைத்துவிட்டு, எதிரே பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் முன்னால் ஒன்றை நகர்த்தினார். அந்த ஆள் டம்ளரையும் இவரையும் பார்த்துவிட்டு, நான் கேட்கவில்லையே என்று என் பக்கம் திரும்பினார்.

தப்பாக நினைக்காதீர்கள் என்று எப்போதும் சொல்லுகிற வாய்.

"குடீரி" என்றேன். "அவரு கொட்டிதாரெ, குடீரி."

அவர் கொடுத்திருக்கிறார், குடியுங்கள் என்றேன். அந்த ஆள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு டம்ளரை எடுத்துக் குடித்தார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரர் தன் தட்டைத் தொடவில்லை.